நாலு பேர் என்ன சொல்வார்கள்: பால்மோர் எதிர் சிடோட்டி வழக்கு

இனம் கடந்த திருமணத்தை எதிர்ப்பவர்களில் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்பவர் குறைவு. "எனக்கு ஒன்றுமில்லை, நாளைக்கு அந்தப் பிள்ளையை நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று கேட்பவர்தான் அதிகம். வெறுப்பு எப்போதும் வேறு யாரோ ஒருவருடையது. பேசுகிறவர் அதை முன்கூட்டியே எச்சரிக்கும் நல்ல மனிதர்.

திண்ணைப் பேச்சாக இருக்கும்வரை இதைக் காதில் வாங்காமல் போய்விடலாம். இதே பேச்சு நீதிமன்ற உத்தரவாக மாறி, தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்த வழக்கு ஒன்று அமெரிக்காவில் உண்டு. 1984 ஏப்ரல் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்த்த பால்மோர் எதிர் சிடோட்டி. பால்மோர் தாய், சிடோட்டி தந்தை. அச்சில் ஆறே பக்கம். தாய் ஜெயித்த வழக்கு என்றுதான் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். ஜெயித்த பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான், ஊர்ப்பேச்சு ஒரு குடும்பத்துக்குள் எந்தெந்த வழியாக நுழைகிறது என்பது புரியும்.

வழக்கின் கதை

ஃப்ளோரிடா மாநிலம். கணவன், மனைவி இருவரும் வெள்ளையர்கள். 1980 மே மாதம் விவாகரத்து ஆனது. மூன்று வயது மகளைத் தாயின் பொறுப்பில் விட்டது நீதிமன்றம். 1981 செப்டம்பரில் தந்தை மனுப் போட்டார்: சூழ்நிலை மாறிவிட்டது, குழந்தையை என்னிடம் கொடுங்கள். மாறிய சூழ்நிலை என்ன? முன்னாள் மனைவி ஒரு கறுப்பரோடு சேர்ந்து வாழ்கிறார். இரண்டு மாதம் கழித்து அவர்கள் திருமணமும் செய்துகொண்டார்கள். தாய் குழந்தையைச் சரிவரக் கவனிக்கவில்லை என்று வேறு சில குற்றச்சாட்டுகளும் மனுவில் இருந்தன.

"மாறிய சூழ்நிலை" என்பது கஸ்டடி வழக்குகளின், அதாவது குழந்தை யார் பொறுப்பில் வளர்வது என்ற வழக்குகளின், வாசல்படி. ஒருமுறை தீர்மானமான பொறுப்பை நினைத்தபோதெல்லாம் மாற்றக் கூடாது, குழந்தைக்கு நிலைத்த இடம் வேண்டும் என்பதற்காகவே அந்தப் படி. மாற்றம் கேட்பவர் இரண்டைக் காட்ட வேண்டும்: முந்தைய உத்தரவுக்குப் பிறகு பொருட்படுத்தத்தக்க மாற்றம் நடந்திருக்கிறது, இடம் மாறினால் குழந்தைக்கு நல்லது. குடி, அடி உதை, தீராத நோய், வெகுதூரத்துக்குக் குடிபோவது போன்றவைதான் வழக்கமாக இந்தப் படியைத் தாண்டும். இங்கே ஒரு மனிதரே "மாறிய சூழ்நிலை" ஆகிவிட்டார். அவர் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை, வீட்டில் இருந்தாலே போதுமானதாக இருந்தது.

விசாரணை நீதிமன்றம் எதையெதை ஒப்புக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இரு பெற்றோருக்கும் குழந்தைமேல் உள்ள பாசத்தில் சந்தேகமில்லை. இரண்டு வீடுகளும் வசதியானவை. இருவரின் புதிய துணைகளும் மதிப்பானவர்கள். ஆம், இருவரின். தந்தைக்கும் புது மனைவி இருந்தார். இரண்டு மறுமணங்களில் ஒன்று மட்டும்தான் "சூழ்நிலை" ஆயிற்று.

உத்தரவில் இருந்த வரிகள்

நீதிமன்றம் நியமித்த ஆலோசகர் ஒருவர் குடும்பத்தைப் பார்த்து அறிக்கை கொடுத்தார். தந்தைக்கும் சமூகத்துக்கும் ஏற்பில்லாத வாழ்க்கைமுறையைத் தாய் தனக்காகவும் குழந்தைக்காகவும் தேர்ந்துகொண்டிருக்கிறார், குழந்தை தான் தேர்ந்துகொள்ளாத நெருக்கடிகளுக்கு இப்போதோ பள்ளி வயதிலோ ஆளாகும் என்பது அதன் சாரம். பொறுப்பை மாற்றலாம் என்று பரிந்துரை.

அந்த "சமூகத்துக்கும்" என்ற ஒரு சொல்லில் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது பாருங்கள். ஒரு கட்சிக்காரரின் மனக்கசப்பு, பக்கத்தில் சமூகம் வந்து உட்கார்ந்ததும், கள ஆய்வில் கிடைத்த தகவல்போல ஆகிவிட்டது. இப்படிப்பட்ட அறிக்கையை வரிக்கு வரி குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவதுதான் பல வழக்குகளில் முதல் சறுக்கல். எந்த அண்டைவீட்டார், எந்தத் தேதி, என்ன சொன்னார், குழந்தையிடம் என்ன மாற்றம் தெரிந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லை என்றால், அறிக்கையில் மிஞ்சுவது எழுதியவரின் ஊகம்.

நீதிபதியின் உத்தரவு மூன்று அடியாக நகர்கிறது. முதலில், தாய் கறுப்பர் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததில் தந்தைக்கு இருக்கும் மனக்கசப்பு குழந்தையைப் பறிக்கப் போதாது என்கிறார். இதோடு நிறுத்தியிருந்தால் மனு தள்ளுபடி. அடுத்து, திருமணத்துக்கு முன்பே ஒருவரை வீட்டுக்குள் கொண்டுவந்தது, குழந்தையின் நலனைவிடத் தன் ஆசையைப் பெரிதாக நினைப்பதுபோல் இருக்கிறது என்கிறார். திருமணம் முடிந்துவிட்டதே என்று கேட்க இடமில்லை. கடைசியாகத்தான் அந்த வரி: இனங்களுக்கிடையே உறவு எவ்வளவோ மேம்பட்டிருந்தாலும், இதே வீட்டில் வளர்ந்து பள்ளி வயதை எட்டினால், வரப்போவது உறுதியான சமூகக் களங்கத்தை இந்தக் குழந்தை அனுபவித்தே தீரும்.

வாதத்தின் பொறி இங்கேதான். ஒரு சம்பவம்கூட நடந்ததாக உத்தரவு சொல்லவில்லை. குழந்தை இன்னும் பள்ளிக்கே போகவில்லை. நடந்ததை மறுக்கலாம், சாட்சி கொண்டுவரலாம். நடக்கப்போவதை எப்படி மறுப்பது? அக்கம்பக்கத்தில் யாருக்கும் இனவெறுப்பு இல்லை, இனிமேலும் இருக்காது என்று ஒரு தாய் எந்த ஆவணத்தை வைத்து நிரூபிப்பாள்? ஊரின் குற்றத்துக்கு அவள் பிணை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஊரின் முன்கதை

நீதிபதி கற்பனை செய்தார் என்றும் சொல்லிவிட முடியாது. ஃப்ளோரிடாவின் 1885 அரசமைப்பே வெள்ளையர், கறுப்பர் திருமணத்தைத் தடை செய்திருந்தது. நான்காம் தலைமுறை வரை கறுப்பு வம்ச வழி இருந்தாலும் தடைதான். சரி, கல்யாணம் செய்யாமல் சேர்ந்து இருக்கலாமா? அதற்குத் தனிச் சட்டம்: இப்படிப்பட்ட ஜோடி இரவில் ஒரே அறையில் வழக்கமாகத் தங்கினால் 12 மாதம் வரை சிறை அல்லது 500 டாலர் வரை அபராதம். மற்ற ஜோடிகள்மேல் இதுபோன்ற வழக்குப் போட உடலுறவை நிரூபிக்க வேண்டும். இவர்களுக்கு அறையும் இரவும் போதும். 1964 டிசம்பரில் மெக்லாஃப்லின் எதிர் ஃப்ளோரிடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ரத்து செய்தது. திருமணத் தடை 1967 ஜூன் 12 வரை நீடித்தது. இத்தகைய தடைகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த லவிங் எதிர் வர்ஜீனியா தீர்ப்பு வந்த அன்று, அமெரிக்காவில் 16 மாநிலங்களில் அந்தத் தடை அமலில் இருந்தது.

ஆக, நம் வழக்கின் மனு தாக்கலானபோது தடை போய் 14 ஆண்டுகள்தான். கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் வெள்ளை, கறுப்பர் திருமணத்தை ஏற்கிறீர்களா என்று அமெரிக்கர்களிடம் கேட்டபோது, 1958-ல் 4 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 1983-ல், அதாவது இந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்த நேரத்தில், 43 சதவீதம். அப்போதும் ஏற்காதவர்களே அதிகம். விசாரணை நீதிபதி நாட்டின் மனநிலையைச் சரியாகத்தான் படித்தார். படித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதில்தான் கோளாறு.

வேறு வழி இருந்ததா? இருந்தது. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 1973-லேயே ஏறக்குறைய இதே நிலைமையைப் பார்த்தது. வெள்ளைத் தாய், கறுப்பரோடு மறுமணம், உலகம் ஏற்காது என்று சொல்லிக் குழந்தைகளைத் தந்தையிடம் கொடுத்த கீழ் நீதிமன்றம். மேல் நீதிமன்றம் அதைத் திருப்பியது. பல இனங்கள் வாழும் நாட்டில் பாரபட்சம் எங்கும் எதிர்ப்படும், அன்பும் நிலைப்பும் உள்ள வீட்டில் வளரும் பிள்ளை அதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும் என்பது அதன் பார்வை. அதே உண்மையிலிருந்து நேர் எதிரான முடிவு. ஆனால் பென்சில்வேனியாத் தீர்ப்பு ஃப்ளோரிடாவைக் கட்டாது.

காரணம் எழுதாத மேல்முறையீடு

தாய் மேல்முறையீடு போனார். ஃப்ளோரிடாவின் இரண்டாம் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை "உறுதி செய்கிறோம்" என்று முடித்தது. காரணம் ஒரு வரிகூட எழுதவில்லை.

இது சோம்பல் என்று தோன்றலாம். விளைவு அதைவிடப் பெரிது. 1980-ல் ஃப்ளோரிடா அரசமைப்பில் செய்த திருத்தத்தின்படி, காரணம் எழுதப்படாத இத்தகைய உறுதிப்படுத்தலை மாநில உச்ச நீதிமன்றம் கையில் எடுக்க முடியாது. மாநிலத்துக்குள் கதவு மூடியாயிற்று. மிச்சம் இருந்தது வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றம் மட்டும். அங்கே ஒன்பது பேரில் நான்கு பேர் விரும்பினால்தான் வழக்கை எடுப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் வரும் மனுக்களில் மிகச் சிறு பங்குக்கே அந்த வாய்ப்பு. கஸ்டடி வழக்கு என்றால் இன்னும் அரிது, குடும்பச் சட்டம் மாநிலங்களின் பாடு என்பது அங்கே பழைய மரபு. இந்த மனுவை எடுத்ததற்குக் காரணம், விசாரணை நீதிபதி மனதில் இருந்ததை மறைக்காமல் எழுதிவிட்டதுதான். கொஞ்சம் சாமர்த்தியமாக எழுதியிருந்தால் வழக்கு அங்கேயே செத்திருக்கும்.

உச்ச நீதிமன்றம் சொன்னது

1984 பிப்ரவரி 22 அன்று வாதம். இரண்டு மாதத்தில் தீர்ப்பு. எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர், தாராளவாதி என்று யாரும் அழைக்காதவர்.

தீர்ப்பு மூன்று உண்மைகளைத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறது. குழந்தையின் நலன் அரசுக்கு மிக முக்கியமான அக்கறை. இனப் பாரபட்சம் நாட்டில் இருக்கிறது. மாற்றாந்தந்தை வேறு இனத்தவராக இருந்தால், ஒரே இனப் பெற்றோரோடு வாழும் பிள்ளைக்கு இல்லாத சில நெருக்கடிகள் இந்தப் பிள்ளைக்கு வரலாம். இத்தனையும் சொன்ன பிறகு ஒரே கேள்வி: தனிமனிதர்களின் பாரபட்சத்தையும் அதனால் வரக்கூடிய பாதிப்பையும் காரணமாக வைத்து, பெற்ற தாயிடமிருந்து குழந்தையை எடுக்கலாமா? கூடாது என்று சொல்ல எங்களுக்கு அதிகச் சிரமம் இல்லை என்றார் பர்கர். தனிமனிதரின் பாரபட்சம் சட்டத்தின் கைக்கு எட்டாமல் இருக்கலாம். ஆனால் நேராகவோ சுற்றிவளைத்தோ சட்டம் அதற்கு உயிர் கொடுக்கக் கூடாது. அமெரிக்கச் சட்டத்தில் அடிக்கடி எடுத்தாளப்படும் வரிகளில் இது ஒன்று. மறு ஆண்டே, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லத்தை அண்டையார் எதிர்த்த கிளீபர்ன் வழக்கிலும் வந்தது.

பர்கர் துணைக்கு அழைத்த பழைய தீர்ப்பும் பொருத்தமானது. கென்டக்கியின் லூயிவில் நகரம், வெள்ளையர் அதிகம் வாழும் தெருவில் கறுப்பர் வீடு வாங்கிக் குடியேறக் கூடாது என்று விதி போட்டிருந்தது. அவர்கள் சொன்ன காரணம் அமைதி: கலந்து குடியிருந்தால் கலவரம் வரும். 1917-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கலவரம் செய்யப்போகிறவனை விட்டுவிட்டு, வீடு வாங்க வந்தவனைத் தடுப்பது என்ன நியாயம்? 1981-ன் குழந்தையும் 1917-ன் வீடும் ஒரே கணக்கு.

வீட்டுக்குள் நடப்பது

சட்டப் பதிவேட்டில் வராத பகுதி ஒன்று உண்டு. இப்படி ஒரு மனு வந்த வீடுகளில் பொதுவாகச் சில விஷயங்கள் நடக்கின்றன, அதைக் குடும்ப வழக்குகளில் இருப்பவர்கள் அறிவார்கள்.

முதலாவது, எந்தத் தம்பதிக்கும் உள்ள சாதாரணச் சண்டை போடும் உரிமை போய்விடுகிறது. குரல் உயர்ந்தால் அண்டைவீட்டார் சாட்சி. தம்பதி ஆலோசனைக்குப் போனால் அந்தக் கோப்பை எதிர்த்தரப்பு கேட்குமோ என்ற பயம். உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் உதவி ஆபத்தாகத் தெரிகிறது. இரண்டாவது, வெள்ளைத் துணைக்கு இது வாழ்க்கையில் முதல் அடி; கறுப்புத் துணைக்குப் பழகிய வலி. ஒருவர் "இப்படியும் செய்வார்களா" என்று அதிர்ந்து நிற்கும்போது மற்றவர் "வேறென்ன எதிர்பார்த்தாய்" என்கிறார். இரண்டும் நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இருவரும் தனித்தனியாகிவிடுகிறார்கள். மூன்றாவது எல்லாவற்றையும்விடக் கொடுமை. கணவன் ஒரு தட்டிலும் குழந்தை ஒரு தட்டிலும் வைக்கப்பட்டுவிட்டார்கள் என்ற உணர்வு. யாரும் வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும், தான் இந்த வீட்டில் இல்லாதிருந்தால் குழந்தை இருந்திருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் இந்த நேரத்தில் "நாங்கள் யார் பக்கமும் இல்லை" என்று ஒதுங்குவார்கள். நடுநிலை என்று அதற்குப் பெயர்.

களங்கம் என்பதைத் தெருவில் கேட்ட வசைச்சொல் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் இதெல்லாம் கண்ணில் படாது. வசைக்குப் பதில் சொல்லலாம். படிவம், அறிக்கை, வாய்தா என்று வருகிற களங்கத்துக்கு யாரைப் பார்த்துப் பதில் சொல்வது?

வாதம் சாகவில்லை, உடை மாற்றியது. 2009 அக்டோபரில் லூசியானாவில் ஓர் அமைதி நீதிபதி (திருமணம் நடத்திவைக்கும் அதிகாரமும் உள்ள உள்ளூர் நீதிபதி), கறுப்பு ஆணும் வெள்ளைப் பெண்ணும் கேட்ட திருமணத்தை நடத்த மறுத்தார். தான் இனவெறியர் இல்லை, பிறக்கப்போகும் பிள்ளைகளை நினைத்துத்தான் கவலை என்றார். அடுத்த மாதம் பதவி விலகினார். லவிங் தீர்ப்பு வந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று இனத்தை எழுத்தில் வைக்கும் நீதிபதி அரிது. அதன் இடத்தில் "குழந்தை பழகிய சூழல்", "அந்தப் பகுதியின் பாதுகாப்பு", "தாத்தா பாட்டியோடு உறவு அறுந்துபோனது" என்று வரும். கடைசியதைக் கொஞ்சம் சுரண்டினால், மருமகனின் நிறத்துக்காக உறவை அறுத்தது தாத்தா பாட்டிதான் என்று தெரியும். அனுபவமுள்ள வக்கீல் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது நடந்தது, எது ஊகம், யாருடைய செயலின் விளைவு என்று மூன்று பட்டியல் போடுவார். நீதிபதியிடம் ஒவ்வொரு முடிவுக்கும் எழுத்துப்பூர்வமான காரணம் கேட்பார். காரணம் எழுதாத உத்தரவை மேலே கொண்டுபோனால் கையில் ஒன்றும் இருக்காது என்பதை மேலே பார்த்தோம். பள்ளி ஆசிரியர், குழந்தை மருத்துவர் போன்ற தினசரி சாட்சிகள் பத்து நிபுணருக்குச் சமம்: வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, தூக்கம், பசி, நண்பர்கள். குழந்தை இன்று எப்படி இருக்கிறது என்பது பதிவாக இருந்தால், நாளை எப்படி இருக்குமோ என்ற ஊகத்துக்கு எடை குறையும்.

ஜெயித்த பிறகு

மேல்முறையீடு நடக்கும்போது குழந்தை எங்கே இருக்கிறது? கஸ்டடி வழக்கில் எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. கீழ் உத்தரவை நிறுத்தி வைக்கத் தடை கிடைக்காவிட்டால், குழந்தை தோற்கவேண்டிய தரப்பிடம் வளர்கிறது. வழக்கு ஒருபுறம் நடக்க, வாழ்க்கை இன்னொருபுறம் வேரூன்றுகிறது. இங்கே தந்தை குழந்தையோடு டெக்சஸுக்குக் குடிபோனார்.

அமெரிக்காவில் எந்த மாநிலம் கஸ்டடியைத் தீர்மானிப்பது என்பதற்குத் தனிச் சட்டங்கள் உண்டு. குழந்தை தொடர்ந்து ஆறு மாதம் வாழ்ந்த மாநிலம் அதன் "வீட்டு மாநிலம்" என்பது அவற்றின் அடிப்படை அளவுகோல். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது குழந்தைக்கு டெக்சஸ் பழகிப்போயிருந்தது. பிற்பாடு ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஏற்ற 1997-ன் மாதிரிச் சட்டம், முதலில் தீர்மானித்த மாநிலத்திலேயே ஒரு பெற்றோர் தொடர்ந்து வாழும்வரை அதிகாரம் அங்கேயே நிற்கும் என்று இறுக்கியது. அப்போதும் "இன்னொரு மாநிலமே வசதியானது" என்று சொல்லி ஒரு நீதிமன்றம் தானாக ஒதுங்கிக்கொள்ள இடம் உண்டு. எனவே குழந்தையை மாநிலத்தைவிட்டு அழைத்துப்போகக் கூடாது என்ற தடையை முதல் வாய்தாவிலேயே கேட்பதுதான் முறை. போன பிறகு கேட்டால் வழக்கு இரண்டாகிவிடும்.

தாய் ஃப்ளோரிடா நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்து மகளைக் கேட்டார். டெக்சஸில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்றது நீதிமன்றம். 1985-ல் அதே இரண்டாம் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கும் ஒப்புதல் கொடுத்தது. தாய் கறுப்பரோடு வாழ்ந்ததைக் காரணமாக வைத்துப் பொறுப்பை மாற்றியது தவறு என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது, பழைய உத்தரவை மீட்டுக் குழந்தையை உடனே திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை என்பது அதன் விளக்கம். இந்த முறை காரணம் எழுதியிருந்தார்கள். மூன்று வயதில் தாயின் பொறுப்பில் வந்த மகளுக்கு அப்போது எட்டு வயது ஆகியிருக்கும்.